திரும்பாத பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளாக ஆக முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் அலட்டிக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள். எதையும் ஒரு தடவை சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. "பல்லு வலிக்குதுன்னு சொன்னாக்கூட டார்ச் அடிச்சு எந்தப் பல்லுன்னு பாக்கறவ" என்று அவள் கணவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

எல்லோரும் காகிதத்தை விட்டு ஏட்டுக்கு மாறிவிட்ட காலம். ஏடு என்றால் ஓலை இல்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பு மாதிரி மெல்லிய ஒரு திரை. சுருட்டிப் பைக்குள் செருகிக்கொள்ளலாம். அறை வெளிச்சத்திலேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும். பொத்தான் எதுவும் கிடையாது. மேல் விளிம்பில் கடுகளவு லென்ஸ் ஒன்று மட்டும் படிப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசி வரியை முடித்துக் கண் கீழ்மூலைக்கு வந்தால் பக்கம் தானாகத் திரும்பும். எழுத்தாளருக்கு நிறுவனம் கொடுக்கும் பணமும் அந்தக் கண்ணை வைத்துத்தான். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது முக்கியம் இல்லை. எத்தனை வரியைக் கண் உண்மையாகவே படித்தது என்பதுதான் பேச்சு.

கண்ணில் காசு இருக்கிறது என்று தெரிந்ததும் திருட்டுக் கண்கள் முளைத்தன. முதலில் ஆட்கள் கண்ணின் புகைப்படத்தை ஏட்டுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சின்ன மோட்டார் வைத்த கண்ணாடிக் கண் வந்தது. அதற்கும் அப்புறம், ஒரு கூடம் நிறைய ஆட்களை உட்காரவைத்து, புரியாத புத்தகத்தைக் கூலிக்குப் படிக்கவைத்தார்கள். இவற்றைப் பிடிப்பதுதான் சல்லடையின் வேலை. பொய்க் கண் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரே சீராகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். மெய்க் கண் தடுக்கும், பின்னால் போகும், ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பாதி வரியில் சன்னலைப் பார்த்துவிட்டு எங்கே விட்டோம் என்று தேடும்.

அன்று அவளிடம் வந்தது ஒரு நாவலைப் பற்றிய புகார். எழுதியவர் யாரும் கேள்விப்படாத ஆள். வெளிவந்த நாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த புத்தகம், கடந்த சில மாதங்களாக ஒரே ஒரு ஏட்டில் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம்வரை படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். அந்த ஏடு இருக்கும் முகவரியும் எழுத்தாளரின் முகவரியும் ஒன்றே.

மேலாளர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சொந்த வீட்டுலயே பொம்மை வச்சிருக்கான். கணக்கை முடக்குங்க."

"கண்ணு போற போக்கு பொம்மை மாதிரி இல்ல சார்."

"மனுஷன் மாதிரி இருக்கா?"

"அப்படியும் இல்ல. தலை துளிகூட அசையல. படிக்கறவங்க தலை கொஞ்சமாவது ஆடும், சாயும், இருமினா குலுங்கும். இது கல்லு மாதிரி இருக்கு. ஆனா கண்ணு தடுக்குது, பின்னால போகுது. தலை பொம்மையோடது, கண்ணு மனுஷனோடது."

"புதுசா ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்க" என்று மேலாளர் கொட்டாவி விட்டார்.

அவளுக்கு வேறு மாதிரி தோன்றியது. யாரையாவது நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்களோ? எந்த வகை என்று தெரியாத கண்ணை நேரில் பார்க்காமல் முடக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

*

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணின் கையில் சவரக் கத்தி இருந்தது. தோளில் ஈரத்துண்டு, மணிக்கட்டில் சோப்பு நுரை.

"யாரு?"

சல்லடை அடையாள அட்டையைக் காட்டினாள். "உங்க வீட்டு ஏட்டைப் பாக்கணும்."

"அதுக்கு என்ன? நல்லாத்தானே ஓடுது. பிடுங்கிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லம்மா. யார் படிக்கறாங்கன்னு பாக்கணும்."

"யார் படிச்சா உங்களுக்கு என்ன?"

சல்லடைக்குப் பழகிய கேள்வி. ஒளிக்க ஏதாவது இருப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவர்களும் அதையேதான் கேட்பார்கள்.

"நுரை காயுது. உள்ள வந்து நீங்களே பாத்துக்கோங்க" என்று அந்தப் பெண் திரும்பி நடந்தாள்.

அறையில் தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். அதில் ஒரு மனிதர், பாதி முகத்தில் நுரையோடு படுத்திருந்தார். மேசை விளக்கின் வளையும் கம்பியிலிருந்து விளக்கைக் கழற்றிவிட்டு, அங்கே ஏட்டை மாட்டி அவர் முகத்துக்கு நேராக இறக்கியிருந்தார்கள். கைகள் போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. கண் மட்டும் இடமிருந்து வலம் போனது, மறுபடி இடம் வந்தது. கீழ்மூலைக்கு வந்ததும் பக்கம் திரும்பியது.

லிஃப்ட் மெக்கானிக் என்று மனைவி சொன்னாள். வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து விழுந்தவர். எட்டு மாதமாக ஒரு சொல் இல்லை, ஒரு விரல் அசையவில்லை.

சல்லடை ஏட்டிலிருந்து அவர் முகத்துக்குப் பார்வையைத் திருப்பினாள். பொம்மை செய்யச் செலவாகும் என்று ஒரு மனிதரையே படுக்கவைத்துவிட்டார்களா?

"இந்தப் புத்தகத்தை யார் வச்சது?"

"என் கொழுந்தன். அவர் எழுதினதுதான். இவர் விழுந்ததும் ஒத்தாசைக்குன்னு எங்களோடயே வந்து தங்கிட்டார். அண்ணன் சும்மா கூரையையே பாத்துட்டுக் கிடக்காரே, கண்ணுக்கு ஏதாவது ஓடட்டும்னு மாட்டிவிட்டார்."

"உங்க வீட்டுக்காரருக்குப் புரியுதா?"

"புரியுது." பதில் உடனே வந்தது. அடுத்ததைச் சொல்லத்தான் தயங்கினாள். "டாக்டர் புரியலைன்னு சொன்னார். ஆரம்பத்துல என்னென்னமோ செஞ்சு பாத்தாங்க. கண்ணைச் சிமிட்டுங்கன்னா சிமிட்டல. வெளிச்சம் அசைஞ்சா கண்ணும் பின்னாடியே போகும், அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"எப்படின்னா? கூடக் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா?"

சல்லடை தலையாட்டினாள், நம்பவில்லை. ஆசைப்படுகிறவர்கள் சொல்லும் சாட்சியை அவள் எப்போதும் தனியாக எடுத்து வைப்பாள்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தோளில் பையோடு ஒருவர் உள்ளே வந்தார். மெக்கானிக்கின் மூக்கும் நெற்றியும் அப்படியே அவருக்கும் இருந்தன. அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"நீங்கதான் எழுத்தாளரா?" என்றாள் சல்லடை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இங்க படிக்கற ஒவ்வொரு வரிக்கும் இவருக்குப் பணம் போகுது. உங்களுக்குத் தெரியுமா?"

"பணமா?" மனைவி கொழுந்தனைப் பார்த்தாள். "என்ன பணம் தம்பி?"

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. டீச் செலவுக்குக் காணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்ற அளவுக்கு இல்லைன்னுதான்…" அவர் சல்லடையின் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்கு என் எழுத்துன்னா உயிர் மேடம்."

"யாருக்கு, இவருக்கா?" என்றாள் மனைவி. "விளையாட்டுச் செய்தியைத் தவிர வேற எதையும் தொடாத மனுஷன். உங்க புத்தகம் வந்தன்னிக்கே 'பிரமாதம்டா'ன்னு சொன்னாரே, முதல் பக்கத்தைத் தாண்டலைன்னு எனக்குத்தான் தெரியும்."

அந்தச் சொல் சுட்டது எழுத்தாளர் முகத்தில் தெரிந்தது. சல்லடை விடவில்லை. "நேராக் கேக்கறேன். இவர் படிக்கறாரா, இல்லையா? படிக்கறார்னா உங்க கணக்கு சுத்தம். இல்லைன்னா மோசடி."

"படிக்கறார்" என்றார் அவர் சட்டென்று.

மனைவி சவரக் கத்தியைக் குவளைக்குள் போட்டாள். "படிக்கறாரா? அப்ப டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? 'அண்ணன் உள்ள இல்ல, உடம்பு மட்டும்தான் கிடக்கு, பராமரிப்பு இல்லத்துல சேத்துடலாம்'னு சொன்னது யாரு? என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி நச்சரிச்சது யாரு?"

"உங்க கஷ்டத்தைப் பாக்க முடியாமத்தான் அண்ணி."

"என் கஷ்டத்தைப் பாத்தியா, உன் வரிக்கணக்கைப் பாத்தியா?"

அவள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். எழுத்தாளர் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"பணத்துக்காக இல்ல அண்ணி. காலையில கண்ணு முழிச்சதும் என் கணக்கைத் திறந்து பாப்பேன். 'இன்றைய வாசகர்: ஒருவர்'னு காட்டும். அது அண்ணன் கண்ணுதான், அதுல ஒண்ணும் ஏறலைன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பாப்பேன். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல சைபரைத் தவிர எதையும் நான் பாத்ததில்ல."

சல்லடைக்கு அதையும் நம்ப மனம் வரவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் இப்படி ஒரு பரிதாபக் கதையைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு பேரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

*

மறுநாள் அலுவலகத்தில் அந்த ஏட்டின் கண் பதிவுகளை மறுபடி எடுத்துப் போட்டாள். அவள் அந்த வீட்டில் இருந்த நேரத்தை முதலில் பார்த்தாள். சண்டை தொடங்கிய கணத்திலிருந்து முடியும்வரை கண் ஒரே வரியில் நின்றிருந்தது. பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டே படிப்பதாகப் பாவனை செய்கிறவர்களின் கண் அப்படித்தான் நிற்கும். பேருந்தில் அவள் கண்ணே அப்படி நின்றிருக்கிறது.

பதிவை ஆரம்பம் முதல் ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்று தட்டுப்பட்டது. முதல் சுற்றில் நாவல் முழுவதையும் கண் வரிவரியாகப் படித்திருந்தது. இரண்டாவது சுற்றிலிருந்து ஒரே ஓர் அத்தியாயத்தில் மட்டும் கண் வரிகளைத் தொடவில்லை. மூலையைப் பார்த்தது, பக்கம் திரும்பியது, மறுபடி மூலை, மறுபடி பக்கம். அத்தியாயம் முடிந்ததும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

பொம்மை எதையும் தாண்டாது. வெளிச்சத்தின் பின்னால் போகும் கண்ணும் தாண்டாது.

உடனே அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அந்தப் பெண்ணின் ஆசை நம்மையும் தொற்றிக்கொண்டதோ? ஒருவேளை அந்த நேரத்தில் யாராவது சாப்பாடு கொடுக்க வந்து ஏட்டைத் தள்ளி வைக்கிறார்களோ? இல்லை, ஒவ்வொரு தடவையும் அது வேறு வேறு நேரம். அந்தப் பக்கங்களில் எழுத்து மங்கலோ? தன் ஏட்டில் அதே அத்தியாயத்தைத் திறந்தாள். எழுத்து பளிச்சென்றுதான் இருந்தது. அப்படியே உட்கார்ந்து படித்தாள்.

இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. தம்பி ஒரு தெரு நாயை வளர்க்கிறான். அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது அண்ணன் நாயைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டுபோய், பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிறான். பையன் தெருத்தெருவாகத் தேடுகிறான். 'அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை' என்று அத்தியாயம் முடிந்தது. மற்ற பக்கங்களைவிட அது நன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

மேலாளரிடம் போய் நேர்ச் சோதனைக்கு அனுமதி கேட்டாள்.

"நம்ம வேலை திருட்டுக் கண்ணைப் பிடிக்கறது. வைத்தியம் பாக்கறது இல்ல" என்றார் அவர்.

"நிஜமாப் படிக்கற ஆளோட கணக்கை முடக்கிட்டா, நாளைக்கு நம்ம பேருதான் நாறும் சார்."

அந்தச் சொல் வேலை செய்தது.

*

இரண்டாவது தடவை போனபோது அவள் யாரையும் நம்புவதாக இல்லை. மனைவியையும் எழுத்தாளரையும் கட்டிலின் தலைப்பக்கம், மெக்கானிக்கின் பார்வைக்கு எட்டாத சுவரோரமாக நிற்கவைத்தாள். அவர்களுடைய போன்களை வெளியே வைக்கச் சொன்னாள். ஏட்டின் லென்ஸைத் துடைத்து, கம்பியை ஆட்டிப் பார்த்தாள். தன் கையிலிருந்த இன்னொரு ஏட்டிலிருந்து பக்கங்களை அங்கே அனுப்ப முடியும். என்ன அனுப்பப்போகிறாள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

முதலில் குடை ரிப்பேர் பற்றிய ஒரு பக்கம். கண் நிதானமாகப் போனது, மூலைக்கு வந்தது, பக்கம் திரும்பியது. அடுத்து அதே போன்ற ஒரு பக்கத்தில் சொற்களைக் கலைத்துப் போட்டிருந்தாள். கண் இரண்டாவது வரியிலேயே இடறியது. முதல் வரிக்குப் போய் மறுபடி வந்தது. பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, ஒரு கணம் சல்லடையின் முகத்தில் நின்றது.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். மூன்றாவது பக்கத்தை அனுப்பினாள். அதில் இவ்வளவுதான் இருந்தது:

'ஐயா, இதைப் படித்தபின் பக்கத்தைத் திருப்பவேண்டாம். மூலையைப் பார்க்காமல் இருங்கள்.'

கண் அந்த இரண்டு வரியையும் படித்தது. கடைசிச் சொல்லுக்கு வந்து நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் தீய்ந்த வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

"ஏடு மாட்டிக்கிச்சு" என்றார் எழுத்தாளர். "அவ்வளவுதான். சிலசமயம் அப்படி நிக்கும்."

சல்லடைக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அடுத்ததை அனுப்பினாள்: 'இப்போது திருப்புங்கள்.' அனுப்பிய விரலை எடுப்பதற்குள் பக்கம் திரும்பிவிட்டது. வேறு சொற்களில், நீளமான ஒரு பத்திக்கு நடுவே ஒளித்துவைத்து, மறுபடி திருப்பவேண்டாம் என்று எழுதினாள். திரும்பவில்லை. திருப்பச் சொன்னாள், திரும்பியது.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்று மனைவி முன்னால் வந்தாள். "வலி இருக்கான்னு கேளுங்க. இருந்தா திருப்பச் சொல்லுங்க."

சல்லடை எழுதினாள். பக்கம் அசையாமல் நின்றது. அந்தப் பெண் அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"வேற புத்தகம் வேணுமான்னு கேளுங்க."

அந்தப் பக்கம் வந்த வேகத்தில் திரும்பியது. மனைவி துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது, அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. எழுத்தாளர் சுவரில் சாய்ந்து நின்றார். அண்ணன் பிழைத்த சந்தோஷமும் ஒரே வாசகர் போன துக்கமும் ஒரே முகத்தில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

எழுத்தாளர் மெல்லக் கட்டிலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கட்டிலோர முக்காலியில் உட்கார்ந்து பராமரிப்பு இல்லத்துக்காரர்களோடு போனில் பேசியது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். "உள்ள யாரும் இல்லைங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

*

டாக்டர் வந்தார். தாமே ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பார்த்தார். முதல் வாரங்களில் நினைவு இல்லாமல்தான் இருந்திருக்கிறது, பிறகுதான் திரும்பியிருக்கிறது, இடையில் யாரும் மறுபடி சோதிக்கவில்லை என்றார். அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. அடிக்கடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சல்லடை தன் அலுவலகத்தின் மென்பொருள் ஆட்களைப் பிடித்து, கண்ணால் எழுத்தைப் பொறுக்கும் ஒரு பலகையை அந்த ஏட்டில் போடவைத்தாள். தமிழ் எழுத்து அத்தனையும் ஒரே திரையில் அடங்காது. முதலில் மெய்யைப் பார்க்கவேண்டும், பிறகு உயிரைப் பார்க்கவேண்டும். இரண்டும் சேர்ந்து எழுத்தாகும். எழுதி முடித்தால் ஏடு ஒரு மணியடித்து அதை வாய்விட்டுச் சொல்லும்.

முதல் சொல்லைக் கேட்க மனைவி கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். தன் பெயரோ, கடவுள் பெயரோ வரும் என்று காத்திருந்தாள். ஒரு காலைப் பொழுது முழுவதும் கண் அலைந்து, ஏடு சொன்னது இதுதான்: "ஃபேன் கிறீச். எண்ணெய்."

"எட்டு மாசமாவா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறினாள். மேலேயிருந்து கீழே பார்த்தபோது, அவர் தன் கையை அல்ல, ஃபேனின் தண்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார் என்று அவள் சல்லடைக்குப் போன் செய்து சொன்னாள். "தப்பாப் போட்டா மறுபடி எழுதுவாரோன்னு பயந்துக்கிட்டே போட்டேன்."

சல்லடை தன் அறிக்கையில் 'வகை' என்ற இடத்தில் 'வாசகர்' என்று எழுதினாள். மேலாளர் அதைப் படித்துவிட்டுப் பரவசமானார். "அருமையான விளம்பரம்! கேமராவோட ஆளனுப்பலாம்." அவர் பரவசப்பட்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அந்தக் கேள்விக்கு மெக்கானிக் பக்கத்தைத் திருப்பவில்லை. விஷயம் அத்தோடு நின்றது.

ஒரு மத்தியானம் எழுத்தாளர் அவளைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். கேன்டீனில் டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஆறவிட்டார்.

"அண்ணன் எனக்கு ஒண்ணு எழுதினான்" என்றார். "முதல்ல 'நாய் நான் இல்லை. அம்மா.' அவ்வளவுதான்."

"அந்த அத்தியாயத்துல வர நாயா?"

"ஆமா. மிச்சத்தை நான் கேக்கக் கேக்க எழுதினான். நாய் தெருவுல யாரையோ கடிச்சுடுச்சாம், அம்மா பயந்துபோய்க் கொண்டுவிட்டாங்களாம். நான் அம்மாவை வெறுத்துடுவேன்னு இவன் தலையில போட்டுக்கிட்டானாம். அது மட்டும் எழுத ரெண்டு நாள் ஆச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவனோட நான் சரியாப் பேசினதில்ல மேடம். எல்லாம் அந்த நாய்ல ஆரம்பிச்சது." அவர் நிமிர்ந்தார். "நீங்கதானே பொய்க் கண்ணு, மெய்க் கண்ணு கண்டுபிடிக்கறவங்க. அவன் சொல்றது நிஜமா?"

"கண்ணு படிக்குதா, இல்லையான்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

"அம்மாவும் இப்ப இல்ல. யாரைப் போய்க் கேக்கறது? செத்தவங்க மேல பழி போடறது சுலபம்." சொல்லிவிட்டுத் தானே முகம் சுளித்தார். "ஆனா ஒரு பொய்யைச் சொல்றதுக்கு யாராவது ரெண்டு நாள் இப்படி எழுத்தெழுத்தாப் பொறுக்குவாங்களா?"

"பொறுக்கறவங்களும் இருக்காங்க" என்றாள் சல்லடை. அவளால் வேறு மாதிரி சொல்ல முடியவில்லை. அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, "உங்க அண்ணன் அப்படிப்பட்டவரான்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அந்த வாரம் நாவல் விற்பனையிலிருந்து இறங்கியது. திருத்தி எழுதப்போகிறாரா, இல்லை ஒரேயடியாக விட்டுவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் வீட்டில் தான் தங்கியிருந்த அறையைக் காலி செய்யவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டை அவர்தான் அண்ணனுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறாராம். இரண்டு பேரும் பேசிக்கொள்வது கிடையாதாம்.

எழுத்துப் பலகையை விட்டுவிட்டு, சோதனைக்காகப் போட்டிருந்த மென்பொருளை மட்டும் எடுக்க அவள் கடைசியாக ஒருமுறை அங்கே போனாள். மெக்கானிக் ஒரு கொலைக் கதை படித்துக்கொண்டிருந்தார். பலகையில் எழுதுவதிலும் இப்போது கண்ணுக்கு நல்ல வேகம் வந்துவிட்டதாம். வேலையை முடித்ததும் மனைவி அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பல்லாம் இங்க வந்துதான் பேசறேன். அவர் முன்னாடி என்னென்ன உளறினேனோன்னு தினமும் யோசிச்சுப் பாக்கறேன். ஒரு நாள் ரொம்ப முடியாம, என் தங்கச்சிகிட்ட போன்ல, 'அன்னிக்கே போயிருந்தா ரெண்டு பேருக்கும் விடுதலை'ன்னு சொல்லிட்டேன். கட்டில் பக்கத்துல உக்காந்துதான் சொன்னேன். கேட்டிருப்பாரா?"

சல்லடைக்கு அந்த நாளின் பதிவை எடுத்துப் பார்க்க முடியும். கண் நின்றதா, நகர்ந்ததா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அவரையே கேளுங்களேன்" என்றாள்.

"பயமா இருக்கு. பக்கத்தைத் திருப்பிட்டார்னா?"

உள்ளே ஏடு மணியடித்தது. எதையோ எழுதி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அந்தப் பெண் குழாயை மூடினாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். ஏட்டின் உணர்ச்சியற்ற குரல் நடைவழியாக வந்தது:

"சமையலறையும் கேட்கிறது."

அவள் கை வாய்க்குப் போனது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அறைக்கு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

சல்லடை கொஞ்ச நேரம் அடுப்பங்கரையில் நின்றாள். உள்ளே அந்தப் பெண் ஏதோ சொன்னாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஏட்டின் மணி அடித்தது. சொல் வருவதற்குள் சல்லடை பையை எடுத்துக்கொண்டு, வாசற்கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, கீழே இறங்கினாள்.